மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடையோடு கச்சேரியும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி இசைவிழாவையொட்டித் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் வெளியாகும் கச்சேரிப் பட்டியலை வரி விடாமல் வாசித்து, கேட்க வேண்டியவற்றை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு, கச்சேரிகளை நடத்தும் சபா சபாவாகச் சென்று வரும் வாசகர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். 75, 80 வயதைக் கடந்த வித்வான்கள், விதுஷிகளின் பெயர்கள் தொடக்க விழாச் செய்தியிலும் விருது அறிவிப்பிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. கச்சேரி நிரலில்தான் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. அப்படியே கிடைத்தாலும், அலுவலகம் செல்வோர் எவரும் வர முடியாத ஒரு வார நாள் நண்பகலிலோ, கேன்டீன் வாசலில் கூட்டம் நிற்கும் நேரத்திலோ அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றிச் சபா நிர்வாகிகளிடமும், என்னைப் போன்ற சக ரசிகர்களிடமும் சொல்ல வேண்டியவை சில உண்டு. அவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கும் விழாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கலைஞரைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், பாராட்டிதழ் வாசிக்கப்படுகிறது, தலைமை விருந்தினர் அரை மணி நேரம் பேசுகிறார், புகைப்படம் எடுத்து முடித்ததும் கலைஞர் கீழே இறக்கப்படுகிறார். அவர் பாடி நாம் கேட்டது ஒரு வரி கூட இல்லை. அன்று காலையில்தான் அவர் தம் வீட்டில் மாணவிக்கு முழுப் பல்லவியையும் இரண்டு காலங்களில் (வேகங்களில்) சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். பாட முடிந்தவரைப் பாடச் சொல்லாமல் பாராட்டி மட்டும் அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாராட்டு தவறென்று நான் சொல்லவில்லை. அந்தப் பாராட்டுக்கு முன்னரோ பின்னரோ ஒன்றரை மணி நேரம் அவருடைய இசைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கர்நாடக இசையில் வயது ஒரு தடையாக என்றும் கருதப்பட்டதில்லை. 1908இல் பிறந்த செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் 90 வயதைக் கடந்தும் பாடினார். 1920இல் பிறந்த ஆர்.கே. ஸ்ரீகண்டன் 2014இல் காலமாகும் வரை பாடுவதையும் கற்பிப்பதையும் நிறுத்தவில்லை. வயலின் மேதை டி.என். கிருஷ்ணன் 80 வயதுக்குப் பிறகு வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அந்த வில்லின் நிதானம் மறக்காது. மிருதங்க வித்வான் டி.கே. மூர்த்தி 90 வயதைத் தாண்டியும் மேடையில் அமர்ந்து வாசித்தார். செம்பை வைத்தியநாத பாகவதரோ, 1974 அக்டோபரில் ஒற்றப்பாலம் அருகே ஒரு கோயிலில் கச்சேரி செய்து முடித்த அன்றே காலமானார். அப்போது அவருக்கு வயது 78. இவர்களையெல்லாம் மேடையில் அமர்த்திக் கேட்ட ஒரு தலைமுறை இருந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம், இன்றைய மூத்தவர்களை விருந்தினர் நாற்காலியில் அமர்த்தி வைக்கிறோம்.

ஒரு மூத்த கலைஞரின் கச்சேரிக்குப் போவதால் நமக்குக் கிடைப்பது என்ன என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. விதுஷி ஆர். வேதவல்லியை எடுத்துக்கொள்ளலாம். 1935இல் மன்னார்குடியில் பிறந்த அவர் முடிகொண்டான் வெங்கடராம ஐயரிடம் பயின்றவர். பதங்கள், ஜாவளிகள் என்னும் காதல் சுவைப் பாடல்களை டி. முக்தாவிடம் கற்றவர். முக்தாவும் அவருடைய தமக்கை பிருந்தாவும் வீணை தனம்மாளின் பேத்திகள். தனம்மாள் பிறந்தது 1867இல். அதாவது, ஒரு பதத்தின் இரண்டாம் பகுதியாகிய அனுபல்லவியில், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் ஒரு கமகத்தை வேதவல்லி எடுக்கும்போது, ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வாசித்ததாக நாம் கேள்விப்பட்டிருக்கும் அந்த இசை, இரண்டே கைகள் மாறி நம் காதுக்கு வந்து சேர்கிறது. பாடாந்தரம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஸ்வரக் குறிப்போடு அச்சிட்ட புத்தகங்களில் பாட்டு இருக்கிறது. அதை எந்த இடத்தில் இழைக்க வேண்டும், எந்த இடத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட வேண்டும் என்பது அவற்றில் இல்லை. அது கற்றவரின் தொண்டையில்தான் இருக்கிறது.

வயது குரலுக்குச் செய்வதை நான் மறைக்க விரும்பவில்லை. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தவர் நான்குக்கோ மூன்றரைக்கோ இறங்குகிறார். மூச்சு குறைகிறது, ஒரு வரியை அழகுபடுத்தி மாற்றிப் பாடும் சங்கதி முன்பு ஒரே வீச்சில் போனது, இப்போது இரண்டாக முறிகிறது. மேல்ஸ்தாயியில் குரல் மெலிகிறது, சில நாள் நடுங்குகிறது. பிருகாக்கள் எனும் அதிவேக ஸ்வரச் சுழற்சிகள் உதிர்ந்துபோகின்றன. இத்தனைக்கும் ஈடாக வேறொன்று வருகிறது என்பதை, தொடர்ந்து கேட்டு வரும் ரசிகர்கள் அறிவார்கள். மூச்சு குறைந்தவர் வீணாக ஒரு ஸ்வரம் கூடப் பாடுவதில்லை. நாற்பது வயதில் இருபது நிமிடம் ராகத்தை விரித்து ஆலாபனை செய்தவர், எண்பதில் ஆறே நிமிடத்தில் அந்த ராகத்தை முழுசாக நிறுத்திவிடுகிறார். மெதுவான விளம்ப காலத்தை அவர்கள் கையாளும் விதமே வேறு. முகாரி, பேகடா, ஆனந்தபைரவி, யதுகுல காம்போதி போன்ற, உருக்கம் மிகுந்த ரக்தி ராகங்கள், வேகத்தை நம்பாத அந்தக் குரல்களில்தான் முழு உருவத்தோடு வந்து நிற்கின்றன என்பது என் நெடுநாள் எண்ணம்.

மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் ஒரு ஞாயிறு காலை கேட்ட கச்சேரியை இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். பாடிய விதுஷிக்கு எண்பதை ஒட்டிய வயது. பின்னால் இரண்டு மாணவிகள் தம்புராவோடு அமர்ந்திருந்தார்கள். சுருதி சேர்ப்பதற்கே அவர் பல நிமிடம் எடுத்துக்கொண்டார். பஞ்சமத் தந்தி ஒரு நூலிழை இறங்கியிருப்பதை முகத்தைத் திருப்பாமலே விரலசைவில் மாணவிக்குச் சொன்னார். பிறகு சகானா ராகத்தைத் தொடங்கினார். அந்த ராகத்துக்கே உரிய ‘க ம ரி, க ரி ஸ’ என்ற பிடியை, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடரை, ஒரே ஒரு முறை பாடி, ரிஷபத்தில் நீட்டிக் கார்வை கொடுத்து நிறுத்தினார். வயலின் வாசித்த இளைஞர் நல்ல விரல் வேகம் உள்ளவர். அந்த ஒரு பிடிக்குப் பதிலாக நான்கு பிடிகளை அடுக்கினார். விதுஷி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதே பிடியை, அதே இடைவெளியோடு, மறுபடியும் பாடினார். இந்த முறை இளைஞர் அந்த ஒன்றை மட்டும் வாசித்து, ரிஷபத்தில் வில்லை நிறுத்தினார். அரங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ‘ஆஹா’ என்றார்கள். மேல் ஷட்ஜத்தை எட்ட வேண்டிய இடத்தில் அவர் வாயைத் திறந்து, குரல் வராது என்று தெரிந்ததும் தலையை லேசாக அசைக்க, பின்னால் இருந்த மாணவி அந்த ஷட்ஜத்தை எடுத்து நிறுத்தினாள். அவள் நிறுத்தி முடிக்கும் வரை ஆசிரியை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே நடந்தது கச்சேரி, பாடம் இரண்டும். அந்த வயலின் இளைஞர் அன்று கற்றுக்கொண்டதை எந்த வகுப்பிலும் கற்றிருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய ஒலிப்பதிவுகள் ஏராளமாகக் கிடைக்கும்போது நேரில் போய் உட்கார வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஒலிப்பதிவுகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது. வானொலி நிலையங்களும் தனிப்பட்ட ரசிகர்களும் பதிவு செய்து வைத்திராவிட்டால் எத்தனையோ மேதைகள் நமக்கு வெறும் பெயர்களாகவே இருந்திருப்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 டிசம்பரில், அரங்குகள் மூடிக் கிடந்தபோது கச்சேரிகள் இணையத்தில் ஒளிபரப்பாயின. வீட்டில் இருந்தபடியே கேட்டோம். அது அந்த நேரத்துக்குப் பெரும் ஆறுதல். ஆனாலும் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கு எந்த வரியை எடுக்கலாம் என்று பாடகர் ஒரு கணம் யோசிப்பதும், மிருதங்கக்காரர் அந்த யோசனையைப் படித்துக் கையை அடக்குவதும், முன் வரிசை ரசிகர் ஒருவரின் தலையசைப்பில் உற்சாகம் கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்குவதும் ஒலிப்பதிவில் கேட்பதில்லை. மூத்த கலைஞர்கள் பெரும்பாலும் நிரல் எழுதி வைத்துக்கொண்டு பாடுவதில்லை. கேட்பவர்களின் முகத்தைப் பார்த்து அடுத்த பாட்டைத் தீர்மானிக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். வெற்று நாற்காலிகளைப் பார்த்து அவர்கள் எதைத் தீர்மானிப்பார்கள்?

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சுருதி நிற்காமல் போன பிறகும், நினைவு தவறத் தொடங்கிய பிறகும், குடும்பத்தாரின் வற்புறுத்தலாலோ அமைப்பாளரின் ஆசையாலோ மேடையேற்றப்பட்டுச் சங்கடப்பட்ட கலைஞர்களும் உண்டு. அப்படிப்பட்ட காட்சி எவருக்கும் வேண்டாம். மேடையை விட்டு விலகும் நாளைக் கலைஞர் தாமே தீர்மானிக்க வேண்டும். பலர் மிகுந்த கண்ணியத்தோடு அவ்வாறு தீர்மானித்திருக்கிறார்கள். நான் கேட்பது, இன்னும் பாட விரும்புகிறவர்கள், பாட முடிகிறவர்கள் பற்றியே. குரல் இனிமை என்ற ஒற்றை அளவுகோலால் அவர்களை ஒதுக்குவதும் சரியாகாது. செம்மங்குடியின் குரல் இளமையிலேயே கரகரப்பானது. அசுர சாதகம் எனும் கடும் பயிற்சியால் அதை அவர் தம் வசப்படுத்தினார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. குரலின் பளபளப்பு ஒன்றையே பார்த்திருந்தால் அவரை இளம் வயதிலேயே இழந்திருப்போம்.

சபா நிர்வாகிகளுக்கு என் முதல் கோரிக்கை நேரம் பற்றியது. இன்று நாம் பின்பற்றும் கச்சேரி முறையை வகுத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பர்; வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில உருப்படிகளைப் பாடி, பிரதான ராகம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், ராகம் தானம் பல்லவி, துக்கடாக்கள் எனும் சிறு பாடல்கள், மங்களம் என்று அது போகும். இரண்டரை மணி நேரத்துக்கு அமைந்த அந்த வடிவத்தை 80 வயதுக்காரர் மேல் அப்படியே சுமத்தத் தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு பெரிய உருப்படி, இரண்டு மூன்று சிறியவை, தாளமில்லாமல் பாடும் ஒரு விருத்தம் என்றாலே ரசிகர்களுக்கு வயிறு நிறைந்துவிடும். பொழுது காலை பத்து மணியாக இருக்கட்டும், கிழமை சனி அல்லது ஞாயிறாக இருக்கட்டும். மூத்தவர்களின் குரல் காலையில் ஒத்துழைக்கும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்து வீடு திரும்பும் அலைச்சல் அவர்களுக்கும் இல்லை, கேட்க வரும் என்னைப் போன்ற முதியவர்களுக்கும் இல்லை. வார நாள் காலையில் வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று குறைப்படுவது நேர்மையாகாது.

இரண்டாவது கோரிக்கை மைக் பற்றியது. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். பெரும்பாலான அரங்குகளில் ஒலியமைப்பு இளைஞர்களின் கச்சேரிக்காகச் செய்யப்பட்டிருக்கிறது. மிருதங்கமும் கடமும் இடிபோல் விழுகின்றன. வயலினில் நேரடியாகப் பொருத்திய மைக் அதன் ஒலியைக் கம்பியாக்கிக் காதில் பாய்ச்சுகிறது. நடுவில் மூத்தவரின் மெல்லிய குரலை எல்லோருக்கும் கேட்கச் செய்ய வேண்டுமென்று ஒலி கூட்டப்படும்போது, அந்தக் குரலின் சிறு நடுக்கமும் மூச்சிரைப்பும் பெரிதாகி, அதன் இனிமை காணாமல் போகிறது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே இல்லாமல் கச்சேரி நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அன்று பலருக்கு அது பெரியவரின் விசித்திரமாகத் தோன்றியிருக்கலாம். மூத்தவர்களைக் கேட்கும்போது அவர் சொன்னதன் பொருள் விளங்குகிறது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் சிறிய கூடங்கள் இன்னும் இருக்கின்றன. இருநூறு பேர் அமரக்கூடிய ஒரு கூடத்தில், மின்விசிறிச் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மைக்கைத் தவிர்த்தோ மிகக் குறைத்தோ அவர்களைப் பாட வைத்துப் பாருங்கள். தம்புராவின் நாதம் காதில் விழும் தூரத்தில் அமர்ந்து ஒரு மூத்த குரலைக் கேட்டவர்கள், பெரிய அரங்கின் பத்தாவது வரிசைக்கு மறுபடியும் ஆசைப்பட மாட்டார்கள்.

மேடை பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையின் பல அரங்குகளில் மேடைக்குப் பின்புறம் கைப்பிடி இல்லாத செங்குத்தான படிகள், பக்கவாட்டில் இருட்டு. கலைஞர் ஏறும்போது இருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கைப்பிடி பொருத்துவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? சம்மணமிட்டு ஒன்றரை மணி நேரம் அமர முழங்கால் இடம் கொடுக்காதவர்களுக்கு ஒரு தாழ்வான இருக்கை கொடுத்தால் சம்பிரதாயம் எதுவும் கெட்டுவிடாது. ஆனால், நாற்காலியில் அமர்ந்து பாடுவது மேடை மரபுக்குப் பொருந்தாது என்று ஓர் அமைப்பாளர் தயங்கியதால், வருவதாக ஒப்புக்கொண்ட ஒரு முதிய பாடகர் கடைசியில் வராமலே போனதை நான் அறிவேன். குளிரூட்டும் இயந்திரத்தின் காற்று நேராக மேடை மேல் அடிக்கும் அரங்குகளில் பாடகரின் தொண்டை கட்டுவதோடு, தம்புராத் தந்தியும் மிருதங்கத் தோலும் சுருதி மாறிக்கொண்டே இருக்கின்றன. இவையெல்லாம் பணம் இல்லாததால் செய்யப்படாமல் இருப்பவை என்று நான் நினைக்கவில்லை. யாரும் அந்தக் கலைஞரின் இடத்தில் நின்று யோசிக்கவில்லை என்பதே காரணம்.

பக்கவாத்தியக் கலைஞர்களைப் பற்றித் தனியாக எழுதியாக வேண்டும். மூத்த பாடகர்களுக்குக் கிடைக்கும் அரைகுறைக் கவனமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் 1935இல் பிறந்தவர். ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் ஆகிய நால்வரிடம் பயின்று, 80 வயதைக் கடந்தும் வாசித்து வந்திருப்பவர். இப்படிப்பட்ட ஒருவர் மேடையில் இருக்கும்போது கூட, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனை நோக்கி நடக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கச்சேரிக்கு முன் ஒரு மிருதங்கக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறோமா? ரவையை நீர்விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலாகிய தொப்பியின் நடுவில் வைத்து விரலால் தேய்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி வைத்து, இடக்கை நாதம் அந்தக் கூடத்துக்கு ஏற்றதாக வரும் வரை பொறுமையாகத் தட்டிப் பார்க்கிறார். அந்தக் கைதான் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலியாக நம் நெஞ்சுக்குள் இறங்குகிறது. வயது ஏற ஏறப் பெரிய வாசிப்புக்காரர்கள் சொற்களைக் குறைத்து, வலக்கைச் சாப்புக்கும் இடக்கைக் கும்கிக்கும் இடையே உள்ள மௌனத்தை நீட்டுகிறார்கள். முத்தாய்ப்பாக வரும் ஒரு கோர்வையை மூன்றாம் முறை அவர்கள் வாசிக்கும்போது தாளம் போடாமல் இருக்க எந்தக் கையாலும் முடியாது. அந்த நேரத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பது நம் இழப்பு. அவர் கண்முன்னே எழுந்து போவது அவருக்கு இழைக்கும் அவமதிப்பும் ஆகும்.

மூத்த வித்வான்கள் இளம் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதும், மூத்த பாடகர் இளம் பக்கவாத்தியக்காரரைத் தம்மோடு அமர்த்திக்கொள்வதும் நம் மரபில் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் பாலக்காடு மணி ஐயரைச் சிறுவயதிலேயே தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். இன்று வயதுக்கு வயது, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் என்று ஜோடி சேர்க்கிறார்கள். சீசனுக்கு ஒரு கச்சேரியாவது மூன்று தலைமுறையை ஒரே மேடையில் அமர்த்துமாறு ஒவ்வொரு சபாவையும் கேட்டுக்கொள்கிறேன். மேலே நான் சொன்ன சகானா அப்படி ஒரு சேர்க்கையில்தான் பிறந்தது.

நாகஸ்வரக் கலைஞர்களின் நிலை எல்லோரையும் விட மோசம். பெரும்பாலான சபாக்களில் அவர்களுக்குக் கிடைப்பது தொடக்க நாளின் ‘மங்கள இசை’ மட்டுமே. விருந்தினர்கள் வருவதும், மாலைகள் கைமாறுவதும், அரங்கம் முழுக்கப் பேச்சுச் சத்தமும் நிறைந்த அந்த நேரத்தில், ஆயுள் முழுவதும் திருவிழாக்களில் விடிய விடிய வாசித்துப் பழகிய ஒரு முதியவர் அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் இல்லை. ஷேக் சின்ன மௌலானாவுக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்த ஊர் இது. அந்த மரபில் வந்த மூத்தவர்கள் தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். மூடிய குளிர் அரங்கும் மைக்கும் நாகஸ்வரத்துக்கு ஆகாதவை. ஒரு கோயில் பிராகாரத்திலோ பள்ளி மைதானத்திலோ, தவிலோடு, நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு மாலை முழுவதையும் அவர்களிடம் ஒப்படைத்தால் வருகிறவர்கள் வருவார்கள். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதைக் கேட்கும் பொறுமை நம்மிடம் இல்லாமல் போயிருந்தால், அந்தக் குறையை அவர்கள் தலையில் போட வேண்டாம்.

சன்மானம் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை என்று கருதப்படுகிறது. எனினும் சொல்கிறேன். உங்களைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லி அழைத்து, வண்டிச் செலவைக் கூடக் கலைஞரே பார்த்துக்கொள்ளும்படி விடும் அமைப்புகள் உண்டு. ஓய்வூதியமோ வேறு வருவாயோ இல்லாத மூத்த கலைஞர்கள், அதிலும் பக்கவாத்தியக்காரர்கள், நிறைய இருக்கிறார்கள். சீசனின் பெரிய கச்சேரிகளுக்கு நாம் கொடுக்கும் டிக்கெட் கட்டணத்தில் ஒரு பகுதி, மூத்தவர்களின் காலைக் கச்சேரிக்கான சன்மானமாகப் போகிறது என்று ஒரு சபா அறிவித்தால், கூடுதலாகக் கொடுக்க ரசிகர்கள் தயங்க மாட்டார்கள். காலைக் கச்சேரிகளை முற்றிலும் இலவசமாக வைப்பதையும் நான் விரும்பவில்லை. நூறு ரூபாயாவது டிக்கெட் இருக்கட்டும்; காசு கொடுத்து வருகிறவர் பாதியில் எழுந்து போவது குறைவு.

இனி ரசிகர்களுக்கு. ஒரு மூத்த கலைஞரின் கச்சேரிக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டால், தொடங்குவதற்கு முன்பே போய், முன் வரிசைகளில் அமருங்கள். பின் வரிசையில் சிதறி அமர்ந்திருக்கும் ஐம்பது பேரை விட, எதிரே நெருங்கி அமர்ந்த முப்பது பேர் பாடுகிறவருக்குப் பெரிய துணை. முதல் இரண்டு உருப்படிகளை வைத்து எடை போடாதீர்கள். முதிய குரல் சூடேற இருபது நிமிடமாவது ஆகும், அதன் பிறகு வருவதற்காகத்தான் நாம் போயிருக்கிறோம். கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். குரல் தடுமாறும் ஓர் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து எங்கும் பரப்பும் வழக்கம், எத்தனை மூத்தவர்களை மேடைக்கு வரவிடாமல் செய்திருக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. ஒரு சங்கதி நன்றாக விழுந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பலே’ சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசியில் ஒரேயடியாகக் கைதட்டுவது நம் வழக்கம் இல்லை.

இசை கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரம் இரண்டு நாள் வகுப்பு, ஆண்டுக்கு ஒரு போட்டி, ஒரு மேடை என்று மாணவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் தம் குருவைத் தவிர 70 வயதைக் கடந்த எவரையும் எதிரே அமர்ந்து கேட்டதில்லை. மார்கழியில் ஒரு வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் மாணவர்களை ஒரு மூத்த வித்வானின் கச்சேரிக்கு அழைத்துச் செல்லுங்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நமஸ்கரித்து, கேட்ட ராகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் உட்கார வைத்துப் பாடியே காட்டிவிடும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. கேட்க ஆள் இல்லையே என்பதுதான் அவர்கள் குறை.

சென்னைக்கு வெளியே இந்த நிலை இன்னும் கடினம். திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் மூத்தவர்கள் ஆண்டுதோறும் வந்து பாடுகிறார்கள் என்றாலும், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் வாய்ப்பு தர வேண்டியிருப்பதால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. கும்பகோணம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் ஒரு காலத்தில் கோயில் உற்சவங்களிலும் ராமநவமிப் பந்தல்களிலும் முழுக் கச்சேரிகள் நடந்தன. அந்த ஊர்களிலேயே வாழும் மூத்த கலைஞர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, கூடமும் பாயும் இருந்தாலே போதும் என்ற எளிமையோடு, அமர்த்திக் கேட்கலாம். இதற்குச் சபா என்ற அமைப்பு கூடத் தேவையில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் போதும்.

கடைசியாகத் தங்கள் நாளிதழுக்கு. சீசன் நாள்களில் தாங்கள் வெளியிடும் விமரிசனங்கள் பெரும்பாலும் மாலை நேரப் பிரதானக் கச்சேரிகளைப் பற்றியவை. இந்த ஆண்டு முதல் காலைக் கச்சேரிகளுக்கும், குறிப்பாக மூத்தவர்கள் பாடும், வாசிக்கும் கச்சேரிகளுக்கும் ஒரு விமரிசகரை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த விமரிசனம் வயதைச் சொல்லி வாழ்த்துவதாக இல்லாமல், என்ன பாடினார், எப்படிப் பாடினார், எந்தப் பாடாந்தரம் என்று இசையைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ‘இன்றைய கச்சேரிகள்’ பகுதியிலும் அவர்கள் பெயரை, இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, முதல் வரியில் அச்சிடுங்கள். பல சமயம் கச்சேரி முடிந்த மறுநாள்தான் அப்படி ஒன்று நடந்ததே எங்களுக்குத் தெரியவருகிறது. முன்கூட்டித் தெரிந்தால் எங்கள் தெருவிலிருந்தே நாலைந்து பேர் சேர்ந்து போய்விடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை